காங்கேசன்துறைப் புகைக்கூடும் நாளைய சீமெந்தும்

(வால்தம்ஸ்டோவில் நடந்த எமது சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் நாலு பேர் கூடி ஊர்க்கதை கதைத்தால், "காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத் திரும்பத் திறக்க வேணும்" எண்டு ஒருவராவது சொல்லாமல் விடுவதில்லை. நியாயமான ஆசைதான். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1990இல் போரினால் மூடப்படும் வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப் போவதாக 2025இல் இலங்கை அரசு அறிவித்திருக்கிறது. ஆகவே, எப்படிப்பட்ட தொழிற்சாலை எங்களுக்கு வேணும் எண்டு இப்பவே யோசிப்பது நல்லது.

ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் எண்டபடியால் ஒரு சின்னக் கணக்குச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. சீமெந்துச் சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ். அதில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மற்ற 44 கிலோவும் காபனீரொட்சைட்டு வாயுவாகப் புகைக்கூட்டால் போய்விடும். எங்கட ஊர்ச் சுண்ணாம்புச் சூளைகளில் நடந்ததும் இதேதான். நிலக்கரியை விட்டுவிட்டு வேறு எதனால் சூளையை எரித்தாலும், கல்லுக்குள் இருந்து வரும் வாயு நிற்காது. மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் சீமெந்தால் வருவதற்கு இது முக்கிய காரணம்.

இரும்பின் கதை வேறு. இரும்புத்தாதில் உள்ள ஒட்சிசனைப் பிரித்தெடுக்க இதுவரை பெரும்பாலும் நிலக்கரிதான் பயன்பட்டது. அந்த வேலையை ஐதரசனும் செய்யும்; அப்போது காபனீரொட்சைட்டுக்குப் பதிலாகத் தண்ணீர்தான் வெளியே வரும். சுவீடனில் 2021இல் இப்படி இரும்பு எடுத்துக் காட்டினார்கள். ஐதரசன் எங்களுக்குப் புதினமான பொருள் அல்ல. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். அந்த முறையில் ஐதரசனும் கூடவே வரும். ஆனால் மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தால் ஐதரசனால் ஒரு நன்மையும் இல்லை.

சீமெந்துக்கு மிஞ்சியிருக்கும் வழி, புகையிலிருந்து வாயுவைப் பிடிப்பதுதான். புகையை ஒரு திரவத்துக்குள்ளால் விட்டால் அது காபனீரொட்சைட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் வாயு பிரியும். திரவத்தைத் திரும்பப் பாவிக்கலாம். நோர்வேயின் பிரேவிக் சீமெந்துத் தொழிற்சாலையில் 2025இல் இதைத் தொடக்கினார்கள். ஆண்டுக்கு 400,000 தொன் பிடித்து, கப்பலில் ஏற்றி, வடகடலின் அடித்தளத்துக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் செலுத்துவது திட்டம். இந்த நாட்டிலும் வட வேல்சில் உள்ள பேட்ஸ்வூட் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 800,000 தொன் பிடிக்க 2025 செப்டெம்பரில் முடிவாயிற்று.

எங்களுக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. தூத்துக்குடியில் ஓர் அல்கலி இரசாயனத் தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் பிடிக்கும் திட்டத்தை 2016இல் தொடங்கியது. பிடித்த வாயுவைச் சோடா உப்புச் செய்யப் பயன்படுத்தினார்கள். அந்தத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது இந்த லண்டனில் இருக்கும் கார்பன் கிளீன் என்ற கொம்பனி. ஆனால் சோடா உப்பைக் கண்ணாடி செய்யப் போட்டு உருக்கினால் அதே வாயு திரும்ப வெளியே வந்துவிடும். கடலுக்கடியில் புதைப்பதும் இதுவும் ஒன்றல்ல.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்பது அதே சுண்ணாம்புக்கல். தோண்டத் தோண்ட உப்புநீர் கிட்ட வரும். கிணறுகள் இருக்கிற அந்தக் கல்லுக்குள் வாயுவைப் புதைக்கவும் ஏலாது. ஆகவே யார் வந்து "தொழிற்சாலை தொடங்கப் போகிறோம்" எண்டு சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கோ. கல் எங்கிருந்து வரும்? எதை எரிப்பீர்கள்? பிடிக்கும் வாயு எங்கே போகும்? மூன்றுக்கும் மறுமொழி இல்லாவிட்டால், வேறு இடத்தில் சுட்ட சீமெந்துக் கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே அரைத்து மூட்டை கட்டுவது மேல். அதிலும் வேலை உண்டு, குழி இல்லை.

வேலை வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற பொடியனுக்கு வேலையும் வேணும், அவன்ர பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீரும் வேணும். இங்கே பொறியியலும் இரசாயனமும் படிக்கிற எங்கட பிள்ளைகளில் ஒருவராவது இந்தத் துறையைப் படிக்கட்டும். அந்த மூன்று கேள்விக்கும் வரும் மறுமொழி சரியோ பிழையோ எண்டு சொல்ல எங்களுக்குள்ளேயே ஆள் இருக்க வேணும்.