1918-ம் வருஷத்து விஷஜுரமும் பம்பாயின் மரணக் கணக்கும்
(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கொள்ளைநோய்க்கு ஏழையும் செல்வனும் ஒன்றே என்று ஜனங்கள் சொல்வது வழக்கம். நோய் தொற்றும் விஷயத்தில் அது ஒருவாறு மெய்யாயிருக்கலாம். மரண விஷயத்தில் மெய்யன்று என்பதற்கு 1918-ம் வருஷத்து இன்புளுயென்ஸா ஜுரமே சாட்சி.

அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய அந்நோய், தணிந்ததுபோற் காணப்பட்டு, செப்டம்பரில் பன்மடங்கு உக்கிரத்துடன் திரும்பிற்று. அக்டோபர் 6-ந் தேதி ஒரே நாளில் அந்நகரில் 768 மரணங்கள் பதிவாயின. பிற்பாடு வகுப்புவாரியாகக் கணக்கெடுத்தபோது, ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேரும், பார்ஸிகளில் 9 பேரும், முஸ்லிம்களில் 19.2 பேரும், மேல்சாதி ஹிந்துக்களில் 18.9 பேரும் அந்நோயால் இறந்திருக்கக் கண்டனர். தாழ்ந்த சாதியாரென்று ஒதுக்கப்பட்டிருந்த ஹிந்துக்களிலோ 61.6 பேர். ஐரோப்பியரைக் காட்டிலும் ஏழு மடங்குக்கு அதிகம்!

இவ்வித்தியாசத்துக்கு மருந்து காரணமென்று எண்ணலாகாது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் எவரிடமும் இல்லை. அதன் பின்வரும் நுரையீரல் ஜுரத்துக்கு உதவக்கூடிய பெனிஸிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். துரையின் பங்களாவிலும் கூலிக்காரன் குடிலிலும் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்றே: படுக்கை, கஞ்சி, நல்ல ஜலம், அருகிருந்து பார்க்க ஓர் ஆள். இவை யாருக்குக் கிட்டின என்பதே கேள்வி. ஆலைத் தொழிலாளர் பலர் 'சால்' என்னும் கட்டடங்களில், காற்றும் வெளிச்சமும் நன்கு புகாத ஒற்றையறையில் குடும்பத்தோடு நெருங்கி வசித்தனர். ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. ஆதலால் ஜுரத்தோடும் வேலைக்குச் சென்றவர் உண்டு.

கிராமங்களின் நிலையும் இலேசானதன்று. அவ்வருஷம் பருவமழை பொய்த்தது. யுத்தத்தினால் தானிய விலை முன்னமே ஏறியிருந்தது. அரைவயிற்றுக் கஞ்சியால் மெலிந்த உடலில் ஜுரம் நுரையீரலிற் பற்றினால் மீள்வது அரிது. இந்தியா முழுவதிலும் மாண்டவர் 1 கோடியே 20 லக்ஷத்துக்குக் குறையாதென்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சரியான தொகை எவருக்கும் தெரியாது. மரணத்தைப் பதிய வேண்டிய கிராம உத்தியோகஸ்தர்களே பல ஊர்களில் நோயாய்க் கிடந்தனர்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அது ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தனர். வீட்டில் அனைவரும் படுத்தபோது, தன் ஜுரத்தோடு எழுந்து தண்ணீர் சுமந்தவளும், அடுப்பை மூட்டியவளும், பிள்ளையையும் கணவனையும் பார்த்தவளும் அவளே. அவள் படுத்தபின் கஞ்சி காய்ச்ச அவ்வீட்டில் ஒருவரும் இல்லை.