ஆறு திரும்பி வந்தது, நீர்நாயும் வந்தது



தொழில்நுட்பம் இயற்கைக்குப் பகையா, துணையா என்பது கேள்வி. சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒருமுறை நடந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அங்கே காலாங் ஆறு பல ஆண்டுகள் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக, நேர்க்கோடாகக் கிடந்தது. அதைக் குறை சொல்வது எளிது. 1969, 1978 ஆண்டுகளின் பெருவெள்ளத்தைப் பார்த்த தலைமுறைக்குக் கான்கிரீட் கால்வாய் ஒரு வரம். மழைநீர் கடகடவென்று கடலுக்குப் போனது; வீடுகள் பிழைத்தன. ஆறுதான் செத்தது. வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை, அவ்வளவுதான்.

2009இல் அந்தக் கான்கிரீட்டை உடைக்கத் தொடங்கினார்கள். 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறு திறக்கப்பட்டது. கரையைப் பிடித்து நிற்பவை பாறையும் செடி வேர்களும். எந்தச் செடி இந்த வெப்பமண்டல மழைக்குத் தாங்கும் என்று முன்கூட்டியே ஒரு சிறு கால்வாயில் சோதித்துப் பார்த்தார்கள். பெருமழையில் ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். அப்போது கரையில் இருப்பவர்களை நீர்மட்ட உணர்கருவியும் அபாயச் சங்கும் எச்சரிக்கும். ஆற்றை நேராக்குவதைவிட வளைப்பதற்குத்தான் கணக்கு அதிகம் போலிருக்கிறது!

இதுவரை எல்லாருக்கும் மகிழ்ச்சி. 2014 வாக்கில் அந்தப் பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் குடியேறியது. 1970களில் இந்தத் தீவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிருந்த உயிரினம். மக்கள் கேமராவுடன் ஓடினார்கள். குட்டிகளைப் பார்த்துக் குழந்தைகள் குதித்தார்கள். பிறகு நீர்நாய்கள் வடிகால் வழியே தனியார் வீடுகளுக்குள் போய், ஆசையாக வளர்த்த விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்றன. 2021இல் தாவரவியல் பூங்காவில் ஒருவரைக் கடித்தும்விட்டன. உடனே, "பிடித்துக்கொண்டு போங்கள்" என்ற குரலும் எழுந்தது.

மனித சுபாவம் அப்படி. குயில் பாட்டில் வந்தால் இனிமை. விடியற்காலையில் வீவக வீட்டுச் சன்னலருகே கூவினால் புகார். இயற்கை வேண்டும், ஆனால் அது பூங்கா வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்கிறோம். நீர்நாய்க்கு வாசல் தெரியுமா?

மீனை இழந்தவரின் வருத்தத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தைப் பிடித்து அகற்றினால், காலியான இடத்துக்கு வேறொரு குடும்பம் வரும். குளத்தைச் சுற்றி நெருக்கமான வேலி, வாயிற்கதவின் அடியில் இடைவெளியை அடைப்பது - செய்யக்கூடியவை இவைதாம். ஆற்றுக்கு ஆன செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆற்றுக்கு அரசாங்கம் கொடுத்தது. வேலிக்கு வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். புகார்க் கடிதம் பிறப்பது அங்கேதான்.