இரைச்சல் எது, இசை எது?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கறதால யாரும் தூங்கிடக் கூடாது" என்று செயலாளர் சொன்னார். இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க ஒரே வழிதான் தெரிந்தது. ஒரு டி.வி. தொடரின் பின்னணி இசையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தொடரின் பெயர் 'டாக்டர் ஹூ'. பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23-ல் ஆரம்பித்து 1989 வரை ஓடிய விஞ்ஞானக் கதை. 2005-ல் மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பழைய தொடருக்கான சப்தங்கள் லண்டன் மெய்டா வேலில் இருந்த பி.பி.சி.யின் 'ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்' என்ற இடத்தில் உருவாயின. 1958-ல் தொடங்கிய இடம் அது. பெயரைக் கவனியுங்க, ஒர்க்‌ஷாப்! நம்ம ஊர் பட்டறை மாதிரிதான்.

முகப்பு இசையை ரான் கிரெய்னர் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைக் காதில் கேட்கும்படி செய்தவர் டெலியா டார்பிஷர் என்ற பெண்மணி. கணிதமும் இசையும் படித்தவர். உதவிக்கு டிக் மில்ஸ். கடையில் போய் சிந்தசைசர் வாங்கும் காலம் அப்போது வரவில்லை. ஒற்றைக் கம்பியை மீட்டிப் பதிவு செய்தார்கள். ஆசிலேட்டர் ஒலியையும், நாம் லேபில் 'ஒயிட் நாய்ஸ்' என்று படித்தோமே, அந்த இரைச்சலையும் சேர்த்துக்கொண்டார்கள். டேப்பின் வேகத்தை மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகச் செய்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். மல்ட்டிடிராக் வசதி இல்லாததால் பல டேப் மெஷின்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு ஒன்றாகக் கலந்தார்கள். கதையில் வரும் கால இயந்திரத்தின் சத்தம் இன்னும் வேடிக்கை. பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் தடிமனான கம்பிகளைத் தேய்த்து எடுத்தது அது.

முகப்பு இசை வாரா வாரம் ஒலித்ததால் பத்திரமாக இருந்தது. காட்சிகளுக்கு நடுவே வரும் பின்னணி இசையின் கதை வேறு. படத்தோடு கலந்து முடித்தால் அந்த மூல டேப்பின் வேலை முடிந்தது. பிறகு அதை யார் சீந்துவார்கள்? வீடியோ டேப்புக்கே மரியாதை இல்லாத காலம். விலை அதிகம் என்பதால் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதிவு செய்தார்கள். 1960-களின் பல எபிசோடுகள் அப்படித்தான் போயின. காணாமல் போன எபிசோடுகளின் ஒலி மட்டும் நமக்கு முழுசா கிடைத்திருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்த புண்ணியம்! ஆனால் அதில் வசனத்துக்கு அடியில் இசை புதைந்து கிடக்கிறது.

ஒர்க்‌ஷாப்பை 1998-ல் மூடினார்கள். அங்கிருந்த டேப்புகளைப் பட்டியல் போட்டு மீட்கும் வேலையில் இறங்கியவர் மார்க் அயர்ஸ். 1980-களின் கடைசியில் இதே தொடருக்கு இசையமைத்தவர். 1963 முதல் 1980 வரையிலான இசையும் சப்தங்களும் அவர் கைவண்ணத்தில் 2000-ம் ஆண்டு இரண்டு குறுந்தகடுகளாக வந்தன.

பழைய டேப்பை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க. ஒட்டுப் போட்ட இடத்தில் பசை காய்ந்திருக்கும். ஓடவிட்டால் துண்டு துண்டாகப் பிரியும். மறுபடி ஒட்ட வேண்டும். ஹெட் ஒரு நூலளவு சாய்ந்திருந்தாலும் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிப் போகும். 1970-களின் சில டேப்புகளில் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்த பிறகுதான் ஓட்டலாம்.

இதெல்லாம் கை வேலை. மூளைக்கு வேலை இதற்கப்புறம்தான். இரைச்சலை நீக்க இன்று சாஃப்ட்வேர் இருக்கிறது. அந்த சாஃப்ட்வேருக்கு 'உஸ்' என்று கேட்டால் அழுக்கு. ஆனால் இந்த இசைக்கு மூலப்பொருளே அந்த 'உஸ்'தான்! 1972-ல் வந்த 'தி ஸீ டெவில்ஸ்' கதைக்கு மால்கம் கிளார்க், சிந்தி-100 என்ற பெரிய சிந்தசைசரில் செய்த இசையைக் கேட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். கிழியவில்லை, அவர் அப்படித்தான் செய்தார். எது டேப்பின் கோளாறு, எது செய்தவரின் எண்ணம் என்று பிரிக்கத் தெரியாதவர் கையில் அது கிடைத்தால், சுத்தம் செய்கிறேன் என்று இசையையே துடைத்துவிடுவார். அயர்ஸுக்குத் தெரிந்தது. அந்த ஆட்களோடு பழகியவர், அந்தத் தொழிலைச் செய்தவர்.

தப்பிக்காததும் உண்டு. 1964 முதல் 1979 வரை தொடரில் அதிகக் கதைகளுக்கு இசை கொடுத்தவர் டட்லி சிம்ப்சன். அவருடைய மூல டேப்புகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1993-ல் ஹீத்கிளிஃப் பிளேர் என்பவர் அவற்றில் சிலவற்றை சிந்தசைசரில் புதிதாக வாசித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். நல்ல முயற்சிதான். ஆனாலும் சிம்ப்சன் காலத்தில் வாத்தியம் வாசித்தவர்களின் மூச்சு அதில் இல்லையே. வசனத்திலிருந்து இசையைப் பிரிக்கும் சாஃப்ட்வேர் இப்போது வந்திருக்கிறது. அதுவும் ஓரளவு ஊகம்தான்.

டெலியா டார்பிஷர் 2001-ல் காலமானார். அவர் வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. அவை அயர்ஸிடம் வந்து, 2007-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. தொடரின் திரையில் அந்த அம்மாவின் பெயர் முதன்முதலாக வந்தது 2013-ல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். பார்க்க அவர் இல்லை.

இதை ஏன் இங்கே சொல்றேன்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், பழைய கன்ட்ரோல் போர்டில் டிராயிங்கில் இல்லாத ஒரு கண்டென்சர் இருந்தது. யாரோ தவறாகப் போட்டது என்று எடுத்துவிட்டார்கள். பக்கத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆக ஆரம்பித்தது. அதை வைத்தவர் ரிடையர் ஆகிப் போயிருந்தார். அவர் நோட்டுப் புத்தகம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருந்தது.

நம் கல்லூரியிலும் லேப் இன்ஸ்ட்ரக்டர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், இன்னும் சிலர் பெறப் போகிறார்கள். எந்த மெஷினுக்கு என்ன சுபாவம், எந்தப் பரிசோதனையை ஏன் அப்படி மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்கள் மனசில்தான் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்குள் அவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்வோம். பெயர், தேதி, விஷயம் மூன்றையும் லேபிளில் எழுதி வைப்போம். ரிக்கார்டிங் செலவு என்னுடையது. கூட வர நாலு பேர் கை தூக்கினால் போதும்.