ஏட்டில் ஏறாத வேலை
(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணக்கு எழுதுவது கிராணிகளாகிய எங்கள் தொழில். அந்தக் கணக்கின்படி கூலி பெறுவது பால் வெட்டும் உங்கள் நிலை. ஆகவே ஏட்டில் என்ன எழுதப்படுகிறது, என்ன எழுதப்படாமல் விடப்படுகிறது என்பது நம் இரு சாராருக்கும் உரிய கேள்வி. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் நிலப்பிரபுக்களின் கீழ் உழைத்த குடியானவர்களும் இதே கேள்விக்காக வழக்காடினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

அந்நாளில் இன்றைய பிரான்சும் ஜெர்மனியின் பெரும்பகுதியும் பிராங்கிய மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. அவர்களில் பெரியவரான சார்லமேன் 800-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியாக முடிசூடினார். நாணயப் புழக்கம் குறைவு; நிலமே செல்வம். போருக்கு வரும் பிரபுக்களுக்கும், பிரார்த்தனை செய்யும் மடங்களுக்கும் மன்னர்கள் நிலத்தை வழங்கினார்கள். ஆனால் நிலம் தானாக விளையுமா? உழுகிற கை வேண்டுமே!

அதற்காக, லுவார் நதிக்கும் ரைன் நதிக்கும் இடைப்பட்ட பல பெரும் பண்ணைகளை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறு ஆண்டையின் சொந்த நிலம். மற்றது குடிகளுக்குப் பிரித்துவிட்ட துண்டு நிலங்கள். தன் துண்டில் விளைவதைக் குடியானவன் உண்ணலாம். அதற்கு ஈடாக ஆண்டையின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். கூலி கொடுக்காமலே ஆள் கிடைக்கும் ஏற்பாடு அது.

பாரிஸ் நகரை ஒட்டியிருந்த செயின்ட் ஜெர்மேன் மடத்தின் தலைவர் இர்மினோன், 820-களை ஒட்டித் தம் மடத்துப் பண்ணைகளுக்கு ஒரு பேரேடு எழுதுவித்தார். அந்த ஏடு இன்றும் இருக்கிறது. அதில் போடோ என்ற குடியானவனும், எர்மென்ட்ரூட் என்ற அவன் மனைவியும், மூன்று பிள்ளைகளும் பதிவாகியிருக்கிறார்கள். போடோ வாரந்தோறும் இரண்டு முறை ஏர்வேலையும் ஒரு முறை கைவேலையும் ஆண்டைக்குச் செய்ய வேண்டும். மூன்று கோழிகளும் பதினைந்து முட்டைகளும் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை நூறு பலகைகள் தர வேண்டும். போர்ச் செலவுக்கு வெள்ளிக்காசு தனி. காட்டில் பன்றி மேய்ப்பதற்குத் திராட்சை மது தனி.

தோழர்களே, இங்கேதான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். முட்டைக்கு எண்ணிக்கை உண்டு. பலகைக்கு எண்ணிக்கை உண்டு. ஆனால் வண்டிச் சுமைக்கு எண்ணிக்கை இல்லை. கட்டளையிடும் போதெல்லாம் சுமக்க வேண்டும் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. பதினைந்து முட்டை கொடுத்தவனிடம் பதினாறாவதைக் கேட்டால் அவன் எதிர்த்துப் பேசலாம். அளவில்லாத வேலையில் எந்த இடத்தில் நின்று பேசுவான்?

போடோ அடிமையல்லன், ஆயினும் மண்ணோடு கட்டுண்டவன். அவனுக்கும் கீழே முழு அடிமைகள் இருந்தார்கள். சுதந்திர மனிதர்களும் இந்தக் கட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். உண்ணவும் உடுக்கவும் வழியில்லாதவன் ஒரு பிரபுவை அண்டி, ஆயுள் முழுவதும் அவருக்குச் சேவகம் செய்வதாகவும் விலகுவதில்லை என்றும் எழுதிக் கொடுப்பதற்கு, தூர் நகரத்தில் தயாரான பத்திர மாதிரியே இருந்தது. பசிதான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது.

பெண்களின் உழைப்பும் தப்பவில்லை. அரச பண்ணைகளை நடத்துவதற்காக 800-ஐ ஒட்டி எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. பெண்களின் நெசவுக் கூடங்களுக்கு ஆட்டுமயிர், சணல்நார், சாயம், சீப்பு எல்லாம் காலத்தில் அனுப்ப வேண்டும் என்கிறது அது. பண்ணை மணியக்காரர்கள் குடிகளைத் தங்கள் சொந்த வேலைக்கு இழுக்கக் கூடாது என்றும், மேலாள்மீது முறையிட மன்னரிடம் வருகிறவனைத் தடுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

முறையிடவும் செய்தார்கள். 828-ஆம் ஆண்டில் கோர்மெரி மடத்தின் ஒரு கிராமத்துக் குடிகள் அக்விட்டேன் மன்னர் பெப்பினின் சபைக்குச் சென்றார்கள். முன்னோர் கொடுத்ததைவிட அதிகம் பறிக்கிறார்கள் என்றார்கள். மடத்தார் ஓர் ஏட்டை விரித்தார்கள். சார்லமேன் காலத்தில் குடிகளே சத்தியம் செய்து ஒப்புக்கொண்ட கணக்கு அது. குடிகளால் மறுக்க முடியவில்லை, வழக்குத் தோற்றது. ஏடு மடத்துப் பெட்டியில் இருந்தது. அதன் மொழியோ லத்தீன். குடிகளிடம் இருந்தது ஞாபகம் ஒன்றுதான்.

அடுத்த தலைமுறை அந்த ஏட்டையே ஆயுதமாக்கியது. கழனிக்கு உரமாகச் சுண்ணாம்புக் களிமண்ணை வண்டியில் சுமக்கச் சொன்னபோது, பழைய நாளில் இந்த வேலை இருந்ததில்லை, செய்யமாட்டோம் என்றார்கள் குடிகள். களஞ்சியத்தில் கதிரடிக்கவும் மறுத்தார்கள். மன்னர் வழுக்கைச் சார்லஸ் 864-இல் பீத்ர் என்ற இடத்தில் சட்டம் போட்டுத்தான் அவர்களைப் பணிய வைக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு அவர்களுக்கு எதிரானதுதான். ஆனாலும் குடிசைவாசிகளின் மறுப்பு சாம்ராஜ்யத்தின் சட்டப் புத்தகம்வரை ஏறியதே!

ஒன்றுகூடுவதை ஆண்டைகள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கும் சான்று உண்டு. பிளாண்டர்ஸ் கடலோரத்து அடிமைகள் சத்தியம் செய்து சங்கம் கூடினார்கள். அதை அடக்கும்படி 821-இல் அரசாணை பிறந்தது. அடக்கத் தவறும் எஜமானுக்கு அபராதம் 60 வெள்ளிக்காசு! 859-இல் சேன் நதிக்கும் லுவார் நதிக்கும் இடைப்பட்ட சாமானிய மக்கள், கொள்ளையடிக்க வந்த டேனியரை எதிர்க்கவே ஒன்று சேர்ந்தார்கள். அவர்களை வெட்டி வீழ்த்தியவர்கள் டேனியர் அல்லர். சொந்த நாட்டுப் பிரபுக்கள். 996-ஐ ஒட்டி நார்மண்டிக் குடியானவர்கள் ஊர்தோறும் சபை கூடி, சபைக்கு இருவராகப் பிரதிநிதிகளைத் தேர்ந்து பொதுச் சபைக்கு அனுப்பினார்கள். காட்டையும் நீரையும் தங்கள் விருப்பப்படி பயன்படுத்த வேண்டும் என்பதே கோரிக்கை. ரோதல்ப் பிரபு அந்தப் பிரதிநிதிகளைப் பிடித்துக் கையையும் காலையும் வெட்டித் திருப்பி அனுப்பினான். மற்றவர்கள் ஏருக்குத் திரும்பினார்கள்.

தோழர்களே! கூட்டத்திற்குப் பிரதிநிதி அனுப்பியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. நாம் இங்கே உட்கார்ந்து கைதூக்கிப் பிரதிநிதியைத் தேர்கிறோம். அதற்காக யாரும் நம் கையை வெட்டுவதில்லை. அந்த உரிமையை அலட்சியமாக எண்ணலாமா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். சம்பளச் சீட்டைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். செய்த வேலை ஏறாமல் இருந்தால் கிராணியிடம் கேளுங்கள். கேட்பது எங்களுக்கு அவமானமாகாது. அளவு சொல்லாத வேலை வந்தால், தனியாக நின்று வாதாடாமல் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். ஏட்டையும் சங்கத்தையும் ஒருங்கே கையில் வைத்திருக்கும் வாய்ப்பு போடோவுக்குக் கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது.