குடத்தில் கைவிட்ட சிறுவன்



முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் பாதிக் காலம் தவறாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக என்று கேட்டால் என் பிள்ளைகள் மூச்சுவிடாமல் எழுதுவார்கள். முழு மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஆனால் அந்த முறையைச் சொல்லும் கல்வெட்டை அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் போனேன். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு, இன்னொன்று 921. சுவரோரமாக உட்கார்ந்து, அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படித்தோம்.

ஊரில் 30 குடும்புகள், அதாவது பகுதிகள். ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். சபை கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், எல்லாரும் படிக்க வேண்டும்.

"எதுக்கு சார் விரலை விரிக்கணும்?" என்றான் ஒரு பையன். நான் வாய் திறக்கவில்லை. அவனே தன் கையை மூடினான், விரித்தான், மறுபடி மூடினான். "கையில வேற ஓலை ஒளிச்சு வெச்சிருந்தா மாத்திடலாம் சார்!" என்று கத்தினான். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் அந்த ஊர் எதற்குப் பயந்தது என்பதை அந்தப் பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. 919-இல் உறுப்பினர் வயது 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் அது 35-க்கு மேல் 70-க்குள். இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்லாமல் அவர் உறவினருக்கும் ஏன் தடை?

அப்போது ஒரு பெண் பிள்ளை தகுதிகளை வரிசையாகப் படித்தாள். இறை செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப உழுதவங்க பேரு குடத்துல இருந்திருக்காதா சார்? பொம்பளைங்க பேரு?"

இல்லை அம்மா, இது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர்களின் சபை, உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்றேன். மக்களாட்சியின் தொட்டில் என்று அத்தனை ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

இப்படியெல்லாம் கேட்கவிட்டால் பிள்ளைகளுக்கு நம் ஊர்ப் பெருமை போய்விடாதா என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். போகாது ஐயா. நடந்ததை நடந்தபடி கேட்ட பிள்ளைக்குத்தான் ஊர்மேல் ஒட்டுதல் வரும். அதனால் இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: ஆண்டுக்கு ஒரு நாள் கொடுங்கள். பக்கத்து ஊர்க் கோயில், நடுகல், ஏரி மதகு, எது கிட்டே இருக்கிறதோ அங்கே கூட்டிப்போங்கள். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பெண் பிள்ளை இரண்டு மாதம் கழித்து என்னைத் தேடி வந்தாள். அவள் ஊர் ஏரி மதகில் எழுத்துள்ள கல் ஒன்று இருக்கிறதாம். போனேன். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. "சாயங்காலம் வெயில் சாயும்போதுதான் சார் தெரியும், நான் பார்த்துவெச்சிருக்கேன்" என்றாள். காத்திருந்தோம். வெயில் சாய்ந்து கல்லின்மேல் படர்ந்ததும் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவள் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் சொல்லைப் படித்தாள்: "ஸ்வஸ்தி ஸ்ரீ."