கடலும் ஓர் அமானிதம்

 

அல்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம், 163ஆவது வசனம் ஒரு கடலோர ஊராரைப் பற்றிப் பேசுகின்றது. சனிக்கிழமை மீன்பிடிப்பது அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது. அன்றுதான் மீன்கள் திரளாக வந்தன. வெள்ளியன்றே வலை விரித்து, ஞாயிறன்று அள்ளி, தந்திரமாக வரம்பை மீறினார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குவர்.

நமது கடலுக்கும் வரம்புகள் உள்ளன. இலங்கையின் 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுக்கின்றது. வெடி பெரிய மீனை மட்டுமா கொல்கின்றது? குஞ்சுகளையும், அவை வளரும் முருகைக்கற்களையும் அழித்துவிடுகின்றது.

பெரிய படகுகள் ஆழ்கடலுக்குச் செல்லும். கரைவலை இழுப்பவரும் சிறு தோணிக்காரரும் எங்கே செல்வர்? கரையோரத்தில் மீன் குறைந்தால் தூரம் கூடும், எரிபொருட் செலவு கூடும், கடனும் கூடும்.

இளைஞர்களே! எவரும் காணவில்லை என்று எண்ணி வெடியைக் கையில் எடுக்காதீர்கள், அல்லாஹ் காண்கின்றான். பெற்றோர்களே! மகன் எவ்வளவு உழைத்தான் என்று கேட்குமுன், மீன் எவ்வாறு பிடிபட்டது என்று கேளுங்கள். மலிவு என்று வெடிமீன் வாங்குவோரும் அத்தவறுக்குத் துணைபோகின்றனர்.

நமது பேரப்பிள்ளைகளின் ரிஸ்க்கும் இக்கடலிலேயே இருக்கின்றது. ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.