மகிழ மரத்தடியில் ஒரு கணக்கு

(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



"குழந்தைகளும் நன்னெறியும்" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்துவிட்டார். இந்தத் தலைப்பில் பேச எனக்குத் தகுதி உண்டா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வாரத்துக்கு ஒரு பீரியட் 'நீதி போதனை' என்று டைம் டேபிளில் இருக்கும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பீரியடைக் கடன் வாங்கி அல்ஜீப்ரா நடத்தினவன் நான். ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. (சிரிப்பு)

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கடன் தலையில் ஏறியது. தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கணக்குக்கு வருவார்கள். கட்டணம் கிடையாது, சுண்டல் உண்டு. குப்பத்துப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் கலந்து இருப்பார்கள். இந்த ஊரே அப்படித்தானே! ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் புகைபோக்கி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போனது. வலையெல்லாம் கருப்பு, படகெல்லாம் கருப்பு. அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துப் பக்கம் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை என் மாடியில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் அப்பா கடலுக்குப் போகிறவர். இன்னொருவன் அப்பா ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. "உங்கப்பன் கம்பெனியாலதான்டா எங்க வலை போச்சு" என்றான் இவன். அவன் பதில் பேசவில்லை. அடித்தான்.

விலக்கிவிட்டேன். பிறகு வாத்தியார் புத்தி. உட்காரவைத்து, "சரி, யார் பக்கம் நியாயம்? எல்லாரும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆலைக்காரர் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த இரண்டு வாரம் வரவேயில்லை. பத்து வயசுப் பிள்ளையை அவன் அப்பாவுக்கு நீதிபதியாக உட்கார வைத்தால் அவன் எங்கே போவான்? வீட்டில் அரிசி அந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. தப்பு அவன் மேல் இல்லை, என் கேள்வி மேல். நம் வீட்டு விஷயத்தை நேராகக் கேட்கக்கூடாது, வேறு யார் வீட்டு விஷயமாவது வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கே போய்த் தேடுவது? கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. தியாகராஜ சுவாமி கோயில் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீர்கள். என்ன கதை என்று பிள்ளைகளைக் கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லியிருப்பதை என் கொச்சையில் சொன்னேன்.

சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தவர். ஒற்றியூருக்கு வந்த இடத்தில், சாமிக்குப் பூக்கட்டும் சங்கிலியாரைப் பார்க்கிறார். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று சாமியிடமே கேட்கிறார். சாமி தோழன் ஆயிற்றே. சங்கிலியார் கனவில் போய்ச் சொல்கிறார். அந்த அம்மா ஏமாளி இல்லை. "அவருக்கு ஆரூரில் ஒரு வீடு இருக்கிறதே?" என்கிறார். "உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான்" என்கிறார் சாமி. இங்கேதான் சுந்தரர் ஒரு வேலை செய்கிறார். "சன்னிதியில் நான் சத்தியம் பண்ணும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், மகிழ மரத்துக்குப் போய்விடுங்கள்" என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிறார். சாமியும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியாரிடம் போய், "கோயிலுக்குள் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிடுகிறார்! சுந்தரர் மாட்டிக்கொண்டார். மரத்தடியில் சத்தியம், கல்யாணம் எல்லாம் ஆகிறது. பிறகு வசந்த காலத்தில் ஆரூர் நினைப்பு வந்து கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

சொல்லி முடிக்கும் முன்பே ஒருவன் கத்தினான்: "சாமி போங்காட்டம் ஆடிட்டாரு சார்!"

எனக்குப் பகீரென்றது. நம் காலமாக இருந்தால் வாயிலேயே ஒன்று விழுந்திருக்கும். "எப்படிப் போங்காட்டம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த வாயை மூடுகிற வித்தைதான், ஐயா, முப்பது வருஷ சர்வீஸில் எனக்கு வராமல் போனது.

"ஃபிரெண்டு ரகசியமா சொன்னதை வெளியில சொல்லிட்டாரே" என்றான் அவன். ஏழாவது படிக்கிற ஒரு பெண் விடவில்லை. "ஃபிரெண்டு இன்னொருத்தரை ஏமாத்தப் போறான்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுதான் போங்கு." "அப்போ முதல்ல சரின்னு ஏன் சொன்னாரு? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" இப்படியே போயிற்று. சாமி எல்லா இடத்திலும் இருக்கிறவர்தானே, மரத்துக்குப் போனால் சன்னிதியில் எப்படி இல்லாமல் போவார் என்று சர்ச் பள்ளியில் படிக்கிற ஒரு பையன் கேட்டான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

ஆலைக்காரர் பையன் அன்றைக்கு வந்திருந்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "சுந்தரர் பொய் சொல்லணும்னு வரல சார். ரெண்டு பக்கமும் விட முடியல." இவ்வளவுதான் சொன்னான். வலைக்காரர் பையன் அவனைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1932-இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். தெரியாமல் கதவைத் தள்ளிப் பதினைந்து கோப்பையை உடைத்தவன், திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவன், இருவரில் யார் அதிகம் தப்பு செய்தவன் என்று குழந்தைகளைக் கேட்டார். சின்னக் குழந்தைகள் கோப்பையை எண்ணுகின்றன, வளர வளர எண்ணத்தைப் பார்க்கின்றன என்றார். என் மாடியில் அப்படி வரிசையாக வளரவில்லை. வெள்ள நிவாரணம் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்களே, எங்கள் வீடு இரண்டாவது மாடி, தண்ணீரே வரவில்லை, வாங்கினது தப்பா என்று ஒருவன் கேட்டான். நானே மனசுக்குள் 'தப்புதான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். எட்டு வயசு வாண்டு ஒன்று, "எங்கப்பாவுக்குப் பத்து நாள் வேலையே இல்ல. அதுவும் வெள்ளம்தான்" என்றது. என் தீர்ப்பை நானே கிழித்துப் போட்டேன்.

மகிழ மரத்துக்கு வருகிறேன். சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. வெண்பாக்கம் எங்கோ இல்லை, நம் பூண்டி ஏரிப் பக்கம்தான். காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் வந்தன என்று சொல்லிச் சுண்டலை எடுத்தேன். அந்த ஏழாவது படிக்கிற பெண் கேட்டாள்: "அவருக்குக் கண்ணு வந்துடுச்சு. சங்கிலிக்கு என்னாச்சு சார்?" முடிவில் எல்லோரும் கயிலாயம் சேருகிறார்கள் என்றேன். "அதுவரைக்கும்?" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காரணம் சங்கிலியார் அல்ல.

1994. ஒன்பதாம் வகுப்பு. மாமல்லபுரம் எக்ஸ்கர்ஷனுக்குச் சேர்த்த பணத்தில் 240 ரூபாய் காணோம். "எடுத்தவன் தனியாக வந்து சொன்னால் பேரை யாரிடமும் சொல்லமாட்டேன், இது சத்தியம்" என்று வகுப்பில் சொன்னேன். ஒருவன் வந்தான். 190 ரூபாய் கையில் கொடுத்தான், மிச்சம் செலவாகிவிட்டது என்று அழுதான். மறுநாள் தலைமையாசிரியர் கேட்டார். "பேரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் சார்" என்றேன். "சரி, எங்கே உட்காருவான்?" என்றார். "மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம்" என்றேன்.

பேரைச் சொல்லவில்லை பாருங்கள்! ஸ்டாஃப் ரூமில் இதைச் சாமர்த்தியமாகக் கூடச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பையன் நாலு நாள் வராந்தாவில் நின்றான். ஐந்தாம் நாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். சொல்லலாமா என்று என் வீட்டு அம்மாவைக் கேட்டேன். "அவங்க கதையெல்லாம் நீங்க கேக்குறீங்கல்ல" என்றாள். சொன்னேன். மாடி நிசப்தமாகிவிட்டது. "நீங்களும் மரத்துக்கு அனுப்பிட்டீங்க சார்" என்றான் போங்காட்டப் பையன். வலைக்காரர் பையன் எனக்காகப் பரிந்து பேசினான்: ஹெச்.எம். கேட்டால் சார் என்ன பண்ணுவார், வேலை போயிடாதா என்று. அந்தப் பெண் மட்டும், "அவரைப் பார்த்துச் சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அதிலிருந்து வாராவாரம் சுண்டலுக்கு முன்னால் அதே கேள்வி. "போனீங்களா சார்?"

பழைய மாணவர் ஒருவர் மூலமாக விசாரித்தேன். காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருக்கிறாராம். போன வாரம் பஸ் ஏறிப் போனேன். வீட்டில் அவர் மனைவி இருந்தார். யார் என்று கேட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அவரு தங்கல் போட்டுக்குப் போயிருக்காரு சார், வர நாள் சொல்ல முடியாது. வந்தாலும் ரெண்டு நாள்ல கிளம்பிடுவாரு. ஏப்ரல் 15-லேர்ந்து தடைக்காலம், ரெண்டு மாசம் கரையிலதான் இருப்பாரு, அப்ப வாங்க" என்றார். என்ன விஷயம் என்று சொல்லட்டும் என்று கேட்டார். நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். காலண்டரில் ஏப்ரல் 15-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் சுண்டலுக்குக் கை நீட்டினாள்.